வெள்ளையனுக்கு இனி என்ன செய்யலாம்

மண்டபம்
புரட்டாசி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நம் நாய் வெள்ளையனின் பயாப்ஸி ரிப்போர்ட்டை, நீ அனுப்பியதை, நிதானமாகப் படித்தேன். ஆஸ்டியோசார்கோமா, எலும்புப் புற்று என்பதில் சந்தேகம் இல்லை. "இது புற்று என்றால் காலை எடுத்தும் என்ன பிரயோஜனம், வீணாக அவனை ஊனமாக்கிவிட்டோமே" என்று எழுதியிருந்தாய். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அவன் முன்னங்காலை எடுத்தது வலி போவதற்காக. இந்தப் புற்று எலும்பை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். அரித்த எலும்பு ஒருநாள் சும்மா திரும்பிப் படுக்கும்போதே முறியும், முறிந்தால் மறுபடி ஒட்டாது. அந்த வலியை மாத்திரை கொடுத்து அடக்கிவிட முடியாது. கால் போனதும் அந்த வலி போயிற்று. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே அவன் வாலை ஆட்டினான் என்று நீதானே சொன்னாய், காரணம் இதுதான். ராஜபாளையம் மாதிரி உயரமான, கால் நீண்ட நாய்களுக்கு ஏழெட்டு வயதில், முன்னங்கால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வருவது இந்த நோயின் வழக்கம். நீ போட்ட தீனியாலோ மொட்டை மாடியில் ஓடவிட்டதாலோ வரவில்லை. அந்தக் கணக்கை இனி எடுக்காதே.

அடுத்தது கீமோ, புற்றுக்குப் போடும் ஊசி மருந்து. அது நாளைக் கூட்டுவதற்கு. நோய் கண்டுபிடிக்கும்போதே சுமார் 90 சதவீத நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத புற்று அணுக்கள் நுரையீரல் பக்கம் போயிருக்கும். எக்ஸ்ரேயில் கட்டியாகத் தெரிவது பத்தில் ஒன்றுக்குத்தான். அதனால் "நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம்" என்று சொன்னால் நல்ல சேதிதான், ஆனால் நோய் அங்கே போகவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. காலை மட்டும் எடுத்துவிட்டால் பாதி நாய்கள் நான்கைந்து மாதத்தைத் தாண்டும். கீமோவும் சேர்ந்தால் பாதி நாய்கள் பத்து மாதம், ஒரு வருஷத்தைத் தாண்டும். ஐந்தில் ஒன்று இரண்டு வருஷம் போகும். இதெல்லாம் கூட்டத்துக்கான கணக்கு. வெள்ளையன் எந்தப் பாதியில் இருக்கிறான் என்று எந்த டாக்டரும் இன்றைக்குச் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்படேஸ் என்று ஒரு வரி இருக்கும். அது கூடுதலாக இருந்தால் கணக்கு குறைவான பக்கம் சாயும். சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதைக் கேட்டுக்கொள். கீமோ வேண்டாம் என்று நீ முடிவு எடுத்தாலும் காலை எடுத்தது வீண் ஆகாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இப்போது காயம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கழுத்துக் கூம்பைக் கழற்றாதே, தூங்கும்போதும் கழற்றக் கூடாது. நாய் ஐந்து நிமிஷம் நக்கினாலே தையல் விட்டுவிடும். முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை வைத்திருப்பாய். இனி வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். காயத்தின் கீழ்ப்பக்கம் மெத்தென்று ஒரு வீக்கம் வந்தால் பயப்படாதே. தசை இருந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்வது அது. தொட்டால் சூடும் வலியும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தானாக வற்றும். ஊசி குத்தி எடுக்கச் சொல்லி யாரையும் கேட்காதே, குத்தினால் கிருமி உள்ளே போகும். நெஞ்சிலும் வயிற்றிலும் ஊதா நிறம் படர்வது ரத்தக்கட்டு, கீழ்நோக்கி இறங்கும், வாரத்தில் மஞ்சளாகி மறையும். சீழ், நாற்றம், சூடு, தையல் பிளப்பு, சொட்டு நிற்காத ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கூட்டிப்போ.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இரு. வலி மருந்தான மெலாக்சிகாம் ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரே தடவை, வயிற்றில் தீனி இருக்கும்போது. வெள்ளையனின் 26 கிலோவுக்கு 2.6 மில்லிகிராம். வாந்தியோ தார் மாதிரி கறுத்த மலமோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடு, இரைப்பை புண்ணாகியிருக்கும். அதோடு பிரட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு எதையும் சேர்க்கவே கூடாது. வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், பாரசிட்டமால் கலந்த வலி மாத்திரைகளை அலமாரியில் மேலே வை. நல்லது செய்கிறேன் என்று யாராவது ஒன்றைக் கொடுத்துவிட்டால் சிறுநீரகம் போய்விடும். திடீரென்று 'வீல்' என்று கத்துவது, கால் இல்லாத பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, அந்த இடத்துத் தோல் துடிப்பது, இதெல்லாம் வெட்டிய நரம்பின் வலி. அதற்கு மெலாக்சிகாம் போதாது, கபாபென்டின்தான் கேட்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம், டாக்டர் அவனுக்கு 300 மில்லிகிராம் காப்ஸ்யூல் எழுதியிருப்பது சரியான அளவுதான். முதல் இரண்டு மூன்று நாள் தள்ளாடுவான், பிறகு பழகிவிடும். திடீரென்று நிறுத்தாதே, குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும். திரவ மருந்தாக வாங்காதே, மனிதர்களுக்கான சில சிரப்புகளில் ஸைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம்.

நாயின் பாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. பின்னங்கால் போன நாய் சீக்கிரம் சமாளித்துக்கொள்ளும், முன்னங்கால் போனவனுக்குப் பாடு அதிகம். ஒவ்வொரு எட்டுக்கும் தலையைத் தூக்கிக் குதித்துத்தான் நடக்க வேண்டும். மிச்சமுள்ள ஒரு மணிக்கட்டின் மேல்தான் இனி எல்லாம் நிற்கிறது, அதைக் காப்பாற்றுவதுதான் உன் வேலை. உன் வீட்டு டைல்ஸ் தரை அவனுக்கு ஆகாது. அவன் போய்வரும் வழி முழுக்க இடைவெளி விடாமல் ரப்பர் பாயோ கயிற்றுப் பாயோ போடு, விளிம்பு சுருளாமல் டேப் ஒட்டு. நகத்தை வாரம் ஒருமுறை வெட்டு. தீனித் தட்டையும் தண்ணீரையும் அவன் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வை, குனிந்தால் முன்னால் கவிழ்வான். அவனுக்கு ஆபத்து படி ஏறுவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. இறங்கும்போது உடம்பு மொத்தமும் அந்த ஒற்றைக் காலில் விழும். பிடிமானத்தோடு வரும் ஹார்னஸ் ஒன்று வாங்கு, காயம் ஆறிய பின் மாட்டு. கழுத்துப் பட்டையில் சங்கிலி போட்டு இழுக்காதே. காரிலிருந்து ஒருநாளும் குதிக்க விடாதே. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், ஒரு கை தொடைக்குப் பின்னால், முதுகு மட்டமாக இருக்க வேண்டும்.

எடை ஏறக் கூடாது. கையை வைத்தால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். பாவம் என்று பிஸ்கட் போடுகிறாய், அது தெரியும். அதை நிறுத்து.

கீமோ என்று முடிவு எடுத்தால், தையல் பிரிக்கும் சமயத்தில் ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் கார்போபிளாட்டின், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு தடவை. அளவு உடற்பரப்பின்படி, சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். 26 கிலோவுக்குப் பரப்பு 0.88 சதுர மீட்டர் வரும், மருந்து 265 மில்லிகிராம் பக்கம். கால் போனதற்குப் பிந்தைய எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், போகும் அன்றைக்கே அங்கே எடை போட்டுப் பார்க்கச் சொல். மனிதர்களுக்குக் கொடுப்பது போல நாய்க்கு உடம்பைப் போட்டு வாட்டும் அளவில் கொடுப்பதில்லை. ராஜபாளையத்துக்கு முடியும் பெரிதாகக் கொட்டாது. இரண்டு மூன்று நாள் வாந்தி, தீனி வெறுப்பு இருக்கலாம், அதற்கு மாரோபிடன்ட் மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வை.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வரும். ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார். 101 முதல் 102.5 பாரன்ஹீட் இயல்பு. 103-ஐத் தாண்டினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி. அடுத்த ஊசிக்கு முன் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளை அணு 1,500-க்கும் கீழே இருந்தால் ஒரு வாரம் தள்ளிவைப்பார்கள், அதற்குக் கலங்காதே. மனித ரத்த லேபில் எடுத்தால் அந்தக் கருவி நாயின் அணுக்களைத் தவறாக எண்ணக்கூடும், ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி ஸ்மியர் போட்டுக் கண்ணால் எண்ணச் சொல். பச்சை இறைச்சி, பச்சை முட்டை கீமோ முடியும்வரை வேண்டாம்.

முதல் ஊசிக்கு முன்பே உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை செய்துவிடு. உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், கார்போபிளாட்டினும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் மூக்கில் ரத்தம் ஒழுகும், எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. நம் பக்கத்து நாய்களில் உண்ணி இல்லாத நாய் கிடையாது. டாக்ஸிசைக்கிளின் தேவைப்பட்டால் 28 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். உண்ணி அண்டாமலிருக்க ஃப்ளூரலானர் மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுத்துவிடு.

மண்டபத்துக்கு எப்போது கூட்டி வரலாம் என்று கேட்டாய். கீமோ என்றால் அது முடிந்த பிறகு வா. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவனை ஏற்றி இறக்குவது அந்த ஒற்றைக் காலுக்கு நல்லதில்லை. இடையில் வந்தே தீர வேண்டும் என்றால் 7 முதல் 14 என்ற அந்த நாட்களைத் தவிர்த்து வா. ஊசி போட்ட முதல் மூன்று நாளும் வராதே. சிறுநீரிலும் மலத்திலும் மருந்து வெளியேறும், கையுறை போட்டு அள்ளி இரட்டைப் பையில் கட்ட வேண்டும், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அண்ணி மாதமாக இருக்கிறாள், அவள் பக்கத்தில் அது வரவே கூடாது. கீமோ வேண்டாம் என்றால் தையல் பிரித்து ஒரு வாரம் கழித்துக் கூட்டி வா, இங்கே அவனுக்கு நன்றாக இருக்கும்.

ஆனால் கடற்கரை என்றதும் அவிழ்த்து விட்டுவிடாதே. உலர்ந்த குருமணலில் மூன்று காலால் நடப்பது அவனுக்கு மலை ஏறுவது மாதிரி, பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வீங்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் கெட்டிப்பட்ட ஈரமணல் ஓரமாக, ஐந்து நிமிஷத்தில் ஆரம்பி. காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின். மூன்று கால் நாய்க்கு மூச்சு சீக்கிரம் வாங்கும், வெயில் தாங்காது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எடுத்துவிட்டால் வடகடல் கலங்கிவிடும், அப்போது தென்கடல் பக்கம்தான் அமைதி. காயம் முழுதும் மூடி உரோமம் வந்த பிறகு வயிறளவு தண்ணீரில் நிற்கவிடலாம், உடற்பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடை.

பார்த்துக்கொள்ள வேண்டியவை இங்கே மூன்று. சீமைக்கருவேல முள் ஒன்று பாதத்தில் ஏறினால் மூன்று கால் இரண்டு காலாகிவிடும், ஒவ்வொரு நடைக்குப் பின்னும் விரல் இடுக்கைப் பார். கரையில் அறுத்துப் போட்ட தங்கூசி வலையும் தூண்டில் முள்ளும் காலைச் சுற்றும். வலையிலிருந்து கழித்துப் போடும் பேத்தை மீனை வாயில் கவ்வ விடாதே, அது கொல்லும் விஷம். வீட்டில் முள் எடுத்த அவித்த மீன், உப்பு போடாமல், சோற்றோடு கொடுக்கலாம். கருவாடு வேண்டாம். மாவுச்சத்தை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்று உனக்கு யாரோ அனுப்பியதை நம்பாதே, அவன் மெலியத்தான் செய்வான்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே, மூன்று கோணத்தில். அதற்கு நடுவில் நீ செய்ய வேண்டியது அவன் தூங்கும்போது மூச்சை ஒரு நிமிஷம் எண்ணிக் குறிப்பது. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் நுரையீரலைப் பார்க்கச் சொல். இருமல் பெரும்பாலும் பிந்தித்தான் வரும், அதற்குக் காத்திருக்காதே. மிச்சமிருக்கும் மூன்று கால்களும் ஒன்றுபோல வீங்கி வலித்தால் அதுவும் நெஞ்சுக்குள் கட்டி வந்திருப்பதன் அடையாளம், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதே. புதிதாக நொண்டினால் வேறு எலும்புக்கும் வந்திருக்கலாம்.

அந்தக் கட்டம் வரும்போது கருணை ஊசி பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதை இப்போதே, அவன் நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் பேசிவை. வீட்டுக்கு வருவாரா, ஞாயிற்றுக்கிழமை யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம். தீனி இறங்காமல், எழுந்து போய் ஒன்றுக்கு இருக்க முடியாமல், மாத்திரை கொடுத்தும் மூச்சு இரைத்தால் அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு வாரம் முந்துவதில் அவனுக்கு நஷ்டம் இல்லை, ஒரு நாள் பிந்தினால் அந்த ஒரு நாள் முழுக்க அவன்தான் படுவான். இங்கே என்றால் கிணற்றுக்குத் தள்ளி, தண்ணீர் ஊறாத மேட்டில் ஐந்தடிக் குழி வேண்டும். மணல் பூமியில் தெருநாய்கள் எளிதாகத் தோண்டிவிடும், ஊசி மருந்து இருக்கும் உடலைத் தின்றால் அவையும் சாகும். அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதை நினைக்க வேண்டாம்.

கொல்லைப்புறப் படியில் சாய்வுப் பலகை அடித்து, கயிற்றுப் பாய் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். தையல் பிரித்த அன்றைக்கு எடை, உண்ணிக் காய்ச்சல் ரிசல்ட், அல்கலைன் பாஸ்படேஸ் மூன்றையும் போனில் அனுப்பு. மெலாக்சிகாம் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்றும் சொல், ராமநாதபுரம் போகும்போது வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா