லாரி டிரைவர்களுக்கு ஒயரிங்கும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலையோரம் நின்ற லாரி மீது கார் மோதியது, வேன் மோதியது என்று செய்தி வராத மாதமே இல்லை. படிக்கிறவர்கள் உடனே டிரைவர் தூங்கப் போயிருப்பான், இல்லாவிட்டால் குடித்திருப்பான் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் டிரைவராக இருந்து, அப்புறம் சொந்த வண்டி வாங்கி, இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த பழைய வண்டிகள் பலவும் இருட்டில் நின்றது ஒயரிங் கோளாறால்தான். விளக்கு போனதால் ஓரம் கட்டுகிறான், அதே விளக்கு இல்லாததால் பின்னால் வருகிறவன் கண்ணுக்கு வண்டி தெரிவதில்லை.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. பழைய டீசல் இன்ஜினில் பம்ப் மெக்கானிக்கலாக ஓடுகிறது, ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரண்டே இல்லாமல் ஓடும். அதனால் விளக்கு எல்லாம் அணைந்த பிறகும் முன்னால் போகிற வண்டியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். ஓரம் கட்டுங்கள், முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள், தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் உதவி எண் 1033-க்குப் போன் போடுங்கள், பிறகு பழுதைத் தேடலாம்.

தேடுவதற்கு வேண்டியது ஒரு டெஸ்ட் லாம்ப், அதாவது ஒயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டுகிற விளக்கு. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு ஒயர், ஒரு முனையில் கிளிப், அவ்வளவுதான். கனரக வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பதால் பல்பும் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். ஹாரன், டேஷ்போர்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போனால் ஒயரை எல்லாம் பிரித்துப்போட வேண்டாம், பேட்டரி டெர்மினலையும், பேட்டரி நெகட்டிவை சேஸோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) இணைக்கிற எர்த் பட்டையையும் முதலில் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினாலே பாதித் தடவை வேலை முடிந்துவிடும். (கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும், ஸ்பேனர் சேஸில் பட்டுத் தீப்பொறி பறந்து கை வெந்தவர்களை எனக்குத் தெரியும்.) செல்ஃப் அடித்து ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சுடுகிறதா, இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை அற்றுப்போய், கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதா, டெயில் லாம்ப்பில் எர்த் இல்லை. ஹெட்லைட் ரிலே (சுவிட்ச் போட்டதும் விளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சின்னப் பெட்டி) செத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், பல வண்டிகளில் அதே மாதிரி ரிலே ஹாரனுக்கும் போட்டிருப்பார்கள், அதைப் பிடுங்கி இங்கே மாட்டிப் பார்க்கலாம். ஹாரன் இல்லாமலும் மெதுவாகப் போய்ச் சேரலாம், விளக்கு இல்லாமல் முடியாது.

கஷ்டமானது ஷார்ட்தான், அதாவது தோல் உரிந்த ஒயர் சேஸைத் தொடுவது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும்போது ஆதிலாபாத் தாண்டி மழையில் எங்களுக்கு அது நடந்தது. பார்க்கிங் லைட், டெயில் லைட், டேஷ்போர்டு வெளிச்சம் மூன்றும் ஒன்றாகப் போயின, புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் போனது. கூட வந்த பையன், "அண்ணே, சிகரெட் வெள்ளிப் பேப்பரைச் சுத்திப் போட்டுட்டுப் போயிடலாம்ணே" என்றான். வழியெல்லாம் எல்லாரும் செய்கிறார்களே, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டெஸ்ட் லாம்ப்பின் இரண்டு முனைகளையும் கொடுத்தேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. அப்படி எரிந்தால் எங்கேயோ ஒயர் சேஸைத் தொடுகிறது என்று அர்த்தம். ஷார்ட் இல்லாமல் வெறும் விளக்குகள் வழியாகக் கரண்ட் போனால் அது மங்கலாகத்தான் எரியும். இப்படிக் கொடுத்துவிட்டால் எத்தனை நேரம் தேடினாலும் ஃபியூஸும் வீணாகாது, ஒயரும் சுடாது. பையனைக் கேபினில் உட்காரவைத்துப் பல்பைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு நான் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டு போனேன். முன் பக்கம் கழற்றினபோது ஒன்றும் ஆகவில்லை. பின்னால் போகிற ஒயரின் கனெக்டரைப் பிடுங்கியதும் "அண்ணே, மங்கிடுச்சு!" என்று கத்தினான்.

டார்ச் அடித்துப் பார்த்தால், பாடியின் மரக்கட்டைக்கும் சேஸுக்கும் நடுவே, யூ போல்ட் முடுக்கியிருந்த இடத்தில் ஒயர் நசுங்கி, தோல் உரிந்து, செம்பு பளிச்சென்று தெரிந்தது. பாடி கட்டினவர்கள் ஒயரை ஒதுக்காமல் கட்டையை இறக்கியிருக்கிறார்கள். லோடு மேலே இருக்கும்போது அந்த ஒயரை உருவ முடியாது. பின்பக்க ஒயரை அப்படியே துண்டித்து முனையை டேப் சுற்றி விட்டோம், புது ஃபியூஸ் போட்டதும் முன்பக்கப் பார்க்கிங் லைட்டும் டேஷ்போர்டு வெளிச்சமும் வந்துவிட்டன. அப்புறம் கைவசம் இருந்த ஒயரை அந்த ஃபியூஸுக்கு அடுத்த முனையிலிருந்தே எடுத்து, பாடியின் வெளிப்பக்கமாகத் தார்ப்பாய்க் கயிற்றோடு சேர்த்துக் கட்டி, டெயில் லாம்ப் வரை கொண்டுபோனோம். ஃபியூஸுக்கு அடுத்த முனை என்பது முக்கியம், பேட்டரியிலிருந்து டைரக்டாக இழுத்தால் அந்த ஒயருக்குக் காவலே இல்லை. நாக்பூர் வரை தாங்கியது. லோடு இறக்கின கையோடு எலக்ட்ரீஷியனிடம் காட்டி ஒயரை முறையாக மாற்றினோம்.

வெள்ளிப் பேப்பர் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இடத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ். ஷார்ட் ஆனால் அதைப் போல் பல மடங்கு கரண்ட் பாயும். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர்தான் உருக வேண்டும், அது டேஷ்போர்டுக்குப் பின்னால் மற்ற ஒயர்களோடு கட்டாகப் போகிறது, பக்கத்திலேயே மெத்தையும் மரப்பலகையும் இருக்கின்றன. ஓடுகிற லாரி கேபினில் தீப்பிடித்தது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேப்பர் ஞாபகம்தான் வருகிறது.

பேட்டரியை சார்ஜ் செய்கிற டைனமோ செத்துவிட்டால் ரோட்டில் சரிசெய்வது கஷ்டம். 24 வோல்ட் வண்டியில் இன்ஜின் ஓடும்போது வோல்ட் மீட்டர் ஏறக்குறைய 28 வோல்ட் காட்ட வேண்டும், 25-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதுவும் சரியாக இருந்தால் விடியும் வரை பாதுகாப்பான இடத்தில் நின்று பகலில் ஓட்டுவதே நல்லது. இன்னொன்று, பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒன்று காலியாகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் போய்விடும்.

இதெல்லாம் பழைய வண்டிக்குத்தான். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது, அதன் ஒயர்களில் டெஸ்ட் லாம்ப்பை வைக்கக் கூடாது. ஆனால் நம் ரோட்டில் பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன, அவற்றை ஓட்டுகிற பிள்ளைகள் பலருக்கு ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் காட்டியதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் டிரைவிங் பள்ளிகளுக்குப் போட்ட பாடத்திட்டத்தில் வாகனப் பழுது, பராமரிப்பு, தீ ஆபத்து எல்லாம் எழுதியே இருக்கிறது. புதிதாகச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. கனரக உரிமம் கொடுக்கும்போது, ஒரு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு "ஏன் எரியவில்லை, கண்டுபிடி" என்று போக்குவரத்துத் துறை கேட்டாலே பள்ளிகள் தானாகச் சொல்லிக்கொடுக்கும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சரியான ஆம்பியர் ஃபியூஸ் ஒரு டப்பா, இரண்டு ரிலே, டேப், கொஞ்சம் ஒயர், டெஸ்ட் லாம்ப் எல்லாம் சேர்த்தாலும் ஒரு டயர் விலையில் மிகச் சிறு பங்குதான் ஆகும். டிரைவர் கேட்கும் முன்னே வாங்கி வண்டியில் வையுங்கள்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர், முன்னாள் ஓட்டுநர்,
சங்ககிரி.