வெள்ளைக் கார் வந்து நின்றால்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை வாசித்தேன். மாலை வெயிலில் உளுரு பாறை நிறம் மாறுவதையெல்லாம் கட்டுரையாளர் ஆசையோடு எழுதியிருந்தார். ஆனால் கடைசிப் பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தெருவில் பார்த்த ஒரு சண்டையை வைத்துக்கொண்டு, பெண்களை அடிப்பது இவர்கள் கலாசாரத்திலேயே ஊறிப்போன ஒன்று என்று ஒரு வரியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் விக்டோரியா மாநிலத்தின் வடக்கே, யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலமான ஷெப்பர்ட்டன் பகுதியில் குடும்ப வன்முறை ஆதரவுப் பணியாளராக இருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் சிறு நகரங்களில் செவிலியராக, மருத்துவராக, முதியோர் இல்லப் பணியாளராக நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பூர்வகுடிப் பெண் ஒருத்தி கை முறிந்து அவசரப் பிரிவுக்கு வரும்போது, அவளை முதலில் பார்ப்பவர் உங்கள் இதழின் வாசகராகவே இருக்கலாம். அந்த வரி அவர் மனத்தில் தங்கியிருந்தால் கைக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். வேறு எதையும் கேட்கத் தோன்றாது.

வன்முறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2014–15 கணக்கின்படி, குடும்ப வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பூர்வகுடிப் பெண்களின் விகிதம் மற்றப் பெண்களைக் காட்டிலும் 32 மடங்கு. ஆனால் அடிக்கிறவன் எல்லா நேரமும் பூர்வகுடி ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அடிபட்ட பெண்களின் கணவர்களிலும் காதலர்களிலும் வெள்ளையர்கள் உண்டு, வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் உண்டு. அப்படியிருக்க, ‘அவர்கள் கலாசாரம்’ என்று எப்படிச் சொல்வது?

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு வீட்டுக்குப் போனேன். அலுவலகத்தின் வெள்ளைக் கார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி. கார் வாசலில் நின்றதுமே முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் காணாமல் போனார்கள். பின்கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கன்றிப்போன காயம். ஆபத்தை மதிப்பிடும் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கழுத்தை நெரித்தாரா? ஆயுதம் இருக்கிறதா? கேட்டதற்கெல்லாம் ‘ஆம்’ என்றார். பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்றபோதும் அதே ‘ஆம்’. இருபது நிமிடத்தில் படிவம் நிரம்பிவிட்டது. வேலை முடிந்ததென்று திரும்பினேன்.

மறுநாள் அலுவலகத்தில் மூத்த பூர்வகுடிப் பணியாளர் ஒருவர் அந்தப் படிவத்தைப் பார்த்தார். ஊரே அவரை ‘ஆன்ட்டி’ என்றுதான் அழைக்கும். “இவள் உன்னைச் சீக்கிரம் வாசலைத் தாண்டி அனுப்பப் பார்த்திருக்கிறாள், மகளே” என்றார். அதிகாரம் உள்ளவர் கேட்டால், தகராறு வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்வது தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட தற்காப்பு. மொழியியலாளர் டயானா ஈட்ஸ் நீதிமன்றச் சாட்சியங்களை வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எனக்கு அது அன்றுவரை தெரியாது.

அடுத்த முறை ஆன்ட்டியே கூட வந்தார். காரைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். அட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். முதல் முக்கால் மணி நேரம் படிவம், காயம் எதுவும் பேச்சில் வரவில்லை. நீ எந்த ஊர், உன் ஆட்கள் யார் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். என் பாட்டியைப் பற்றி, விற்றுப்போன எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தேநீர் இரண்டாவது முறை வந்தது. பின்கதவு மெல்லத் திறந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தன் முதல் கேள்வியைக் கேட்டார்: “வெல்ஃபேரிடம் சொல்லிவிடுவாயா?”

வெல்ஃபேர் என்றால் அரசின் குழந்தைகள் நலத் துறை, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கையின்படி, 1910 முதல் 1970 வரை பத்துக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். அந்தப் பெண்ணின் பாட்டியும் அவர்களில் ஒருவர். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இன்றைக்கும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசுப் பராமரிப்பில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளின் விகிதம் மற்றப் பிள்ளைகளைப் போலப் பத்து மடங்கு அளவில் இருக்கிறது. அடி தாங்கவில்லை என்று ஒரு தாய் போலீசைக் கூப்பிட்டால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அவள் பெயரில் கோப்பு திறக்கப்படலாம். அவள் தொலைபேசியை எடுக்காததன் காரணம் அதுதான். அதைப் போய்க் கலாசாரம் என்கிறோம்.

அன்று நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. எதைச் சொல்லியே ஆக வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பதைத் தெளிவாகச் சொன்னேன். சொல்ல வேண்டி வந்தால் முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்வேன் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை நிரப்பக் கூடாது என்று ஆன்ட்டி முன்பே எச்சரித்திருந்தார். நிரப்பாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லை இன்று எல்லா அலுவலகச் சுவரிலும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். சேவை பெறுகிறவர் தன் பண்பாட்டோடு பாதுகாப்பாக உணரும்படி அவரை நடத்துவது என்று அதற்குப் பொருள். அதை 1980களின் இறுதியில் முன்வைத்தவர் நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்பதைச் சேவையைப் பெற்றவர்தான் சொல்ல வேண்டும், கொடுத்தவர் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது என்பதே அவர் சொன்னதன் சாரம். என் முதல் படிவத்துக்கு நான் நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையில் தமிழ் எனக்குக் கைகொடுத்த இடமும் உண்டு. சித்தியும் பெரியம்மாவும் நமக்கு அம்மா முறை. பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றிலும் அம்மாவின் அக்கா தங்கைகள் அம்மாதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்ட் நிலத்துக்கு உரிய கரியாரா மக்களின் உறவுமுறையை நம்முடைய உறவுமுறையோடு அடுத்தடுத்து வைத்து மானிடவியலாளர்கள் படித்திருக்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்ற முறை அங்கேயும் உண்டு. ‘அவனை விட்டுவிட்டு வா’ என்று சொல்வது வெளியாருக்குச் சுலபம். வருகிறவள் கணவனை மட்டுமா விட்டு வருகிறாள்? பெற்ற தாயையும் பெறாத ஐந்து தாய்களையும், புதைத்த முன்னோர்களின் நிலத்தையும் விட்டுவிட்டு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்பகத்தின் அறைக்கு வருகிறாள்.

அதிலும் சாவு வீடு வந்துவிட்டால்! பூர்வகுடிகளுக்கு இழவு என்பது ஒரு நாள் காரியம் கிடையாது, போகாமல் இருக்கவும் முடியாது. காப்பகத்தை விட்டுச் சில இரவு வெளியே தங்கினால் இடம் போய்விடும் என்ற விதியோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஒரு பெண்ணின் தாய்மாமன் இறந்தபோது, அடித்தவனும் அந்த அடக்கத்துக்கு வருவான் என்பது உறுதி. போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. யார் காரில் போவது, கல்லறையில் யார் இருபுறமும் நிற்பது, எந்த மாமா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைப்பது என்று ஒரு சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து நான்கு ஆன்ட்டிகள் திட்டம் போட்டார்கள். நான் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் வேலை. அவள் மாமனை அடக்கம் செய்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பினாள். எந்தப் படிவமும் இப்படி ஒரு திட்டத்தைத் தந்திருக்காது.

இந்தக் கவனம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் ஊரறிந்த சாட்சி இருக்கிறது. அதே கரியாரா நிலத்தில், சவுத் ஹெட்லண்டில், 2014 ஆகஸ்டில் ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் துணைவன் தடையுத்தரவை மீறியதாகப் புகார். வந்தவர்கள் அவளையும் கைது செய்தார்கள். கட்டாமல் விட்ட 3,622 டாலர் அபராதம்தான் காரணம். அவளுக்கு வயது 22. குடும்பத்தார் விருப்பப்படி எல்லோரும் மிஸ் டூ என்றே குறிப்பிடுகிறார்கள். துணைவன் உடைத்த விலா எலும்பில் தொடங்கிய தொற்று உடம்பெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. வலி என்று கதறியபோது நடிக்கிறாள் என்றார்கள். இரண்டு முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், காவலில் வைக்கலாம் என்ற சான்றோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது முறை, ஆகஸ்ட் 4 அன்று, உயிர் போய்விட்டது. சில போலீசார் அவளை நடத்திய விதம் மனிதத்தன்மையற்றது என்று மரண விசாரணை அதிகாரியே 2016இல் எழுதினார். அபராதம் கட்டாதவர்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் அந்த மாநிலத்தில் மாற 2020 ஆயிற்று.

அவளுடைய வலியை அந்த ஊர் அவசரப் பிரிவில் யாராவது நம்பியிருந்தால் என்று நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2002இல் சட்ட உதவி அமைப்பாகத் தொடங்கிய ஜிர்ரா, விக்டோரியாவில் பூர்வகுடிப் பெண்களே நடத்தும் அமைப்பு. டார்டி முன்வுரோ என்ற இன்னொரு பூர்வகுடி அமைப்பு ஆண்களோடு வேலை செய்கிறது. அடித்தவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்கவும் வேண்டும், அவனுடைய காயமும் ஆற வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வேலை அது. இவர்களுக்குப் பணம் வருவது ஓரிரு ஆண்டு ஒப்பந்தமாக. ஒரு பெண் நம்பத் தொடங்கும்போது பணியாளரின் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் வருகிற பெண்களையெல்லாம் அவர்கள் விருப்பத்தைக் கேட்காமலே பூர்வகுடி அமைப்புக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர், வரவேற்பு மேசையில் அடித்தவனின் தங்கை உட்கார்ந்திருக்கலாம். உங்கள் சமூக அமைப்புக்குப் போகிறீர்களா, எங்களிடமே இருக்கிறீர்களா என்று அவளிடமே கேட்க வேண்டும்.

நம் செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு பெண் வந்தால், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உங்கள் மருத்துவமனையில் உள்ள பூர்வகுடித் தொடர்பு அலுவலரை அழைக்கட்டுமா என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

ஆசிரியரிடம் ஒன்று. அந்த வரியை இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த இதழில் ஒரு பூர்வகுடிப் பெண்ணின் பேட்டியைப் போட முடியுமானால், மொழிபெயர்க்க நான் வருகிறேன். கட்டணம் வேண்டாம். அவர் பேசியதைத் தமிழில் அவருக்கே வரிவரியாக விளக்கி, சரி என்று அவர் சொன்ன பிறகு மட்டும் அச்சிட வேண்டும்.

உங்கள் வாசகி,
ஷெப்பர்ட்டன், விக்டோரியா