சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை: கவனிக்க வேண்டியவை

வணக்கம் தாதி சகோதரிகளே. சுங்கை சிப்புட் தோட்டங்களுக்குப் போகும் எல்லாருக்கும்: கர்ப்பிணி அம்மாக்களின் முதல் பதிவன்றே சிபிலிஸ் (பாலுறவால் பரவும் தொற்று), எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள்.

ஜெல் குழாயில் 3 முதல் 5 மில்லி போதும். ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து, 30 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். குலுக்கினால் சிவப்பணு உடைந்து சீரம் (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீர்) சிவந்துவிடும், ஆய்வகம் திருப்பி அனுப்பும். ஸ்டிக்கரை ரத்தம் எடுத்த பிறகு, அம்மாவின் எதிரிலேயே ஐசி (அடையாள அட்டை) எண் கேட்டு ஒட்டுங்கள். ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமி இருப்பார்கள்!

ஆர்பிஆர் (சிபிலிஸுக்கான முதல்கட்ட ரத்தப் பரிசோதனை) 'ரியாக்டிவ்', அதாவது பாசிட்டிவ், என்றதும் அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். கர்ப்பமே சிலருக்குப் பொய்யான பாசிட்டிவ் காட்டும், டிபிஹெச்ஏ என்ற இரண்டாவது பரிசோதனை உறுதிசெய்யட்டும். சிகிச்சைக்குப் பிறகும் டிபிஹெச்ஏ பெரும்பாலும் பாசிட்டிவாகவே நிற்கும். அதனால் குணத்தை ஆர்பிஆர் அளவில் பாருங்கள்: எத்தனை மடங்கு நீர்த்தும் ரியாக்டிவாக இருக்கிறது என்ற அளவு 1:32 என்பதிலிருந்து 1:8 ஆனால் நான்கு மடங்கு இறக்கம். உடம்பில் தடிப்பு இருந்தும் 'நான்-ரியாக்டிவ்' வந்தால் நம்பிவிடாதீர்கள். எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தாலும் அப்படி வரும். படிவத்தில் 'நீர்த்துப் பார்க்கவும்' என்று எழுதுங்கள்.

பென்சிலின் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கணவரையும் வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மறுபடி தொற்றும். குழந்தையைப் பரிசோதிக்கத் தொப்புள்கொடி ரத்தம் எடுக்க வேண்டாம், தாயின் ரத்தம் கலந்திருக்கலாம்.

யாருடைய முடிவையும் இந்தக் குழுவில் போடாதீர்கள்.