வாசல் எங்களுது, படம் யாருது? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

தெருத்தெருவா கேமரா வண்டி ஓட்டி வீடு, கடை, மரம், மாடுனு எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் படம் புடிச்சு நெட்ல போடறதுக்கு வழி விட்டது நீங்க 2021 பிப்ரவரியில வெளியிட்ட வழிகாட்டுதல்தான், அதனால மேப் கம்பெனிகளை விட்டுட்டு நேரா உங்களுக்கே எழுதறேன். கம்பெனிக்கு எழுதினா மெஷின் பதில் போடும், அரசாங்கத்துக்கு எழுதினா அதுவும் வராதுன்னு வீட்டுல சிரிக்கறாங்க, சரி சிரிக்கட்டும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இப்படிப் புடிச்ச படங்களைக் காட்டற கூகுளோட ஸ்ட்ரீட் வியூவை இழுத்து மூடுங்கன்னு கேக்க நான் வரல. தினமும் யூஸ் பண்றவன் நான். எங்க ஏரியா தென்சென்னை, மழைன்னு சொன்னாலே கார் எல்லாம் மேம்பாலத்து மேல ஏறி நிக்குமே, அந்த மாதிரி ஏரியா. இங்க புது ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும், ஆனா பல தெருவுல சுரண்டாம மேலயே ஊத்தி உருட்டிட்டுப் போயிடறாங்க, ஒவ்வொரு தடவையும் ரோடு கொஞ்சம் கொஞ்சமா ஏறும், வீடு அங்கயே நிக்கும், கடைசியில ஒரு காலத்துல மூணு படி ஏறி உள்ள போன வீட்டுக்கு இப்ப ரோட்டுலருந்து ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கு. இதை வாயால சொன்னா யாரு நம்புறா? "எப்பவும் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. எங்க குடியிருப்போர் சங்கத்துல ஒருத்தர் என்ன பண்ணாருன்னா, 2022 வாக்குல எடுத்த ஸ்ட்ரீட் வியூ படத்துல ஒரு வீட்டு கேட்டுக்கு அடியில எத்தனை படி தெரியுதுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே கோணத்துல இப்ப நின்னு போன்ல ஒரு படம் எடுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பிரிண்ட் போட்டு மனுவோட சேத்துக் குடுத்துட்டாரு. மாசமும் வருஷமும் படத்துலயே இருக்கு, கீழ் படி எங்க போச்சுன்னு கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும். ரோடு இன்னும் இறங்கல, அது வேற கதை, ஆனா "எப்பவும் இப்படித்தான்"ங்கற பேச்சு நின்னுடுச்சு.

வெட்டின மரம், மூடின கால்வாய், நடைபாதையை முழுங்கின கடை, எல்லாத்துக்கும் இதே மாதிரி சாட்சி இருக்கு. சக்கர நாற்காலியில போறவங்க ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல சாய்தளம் இருக்கா இல்ல பத்து படியான்னு வீட்டுலருந்தே பாத்துக்கறாங்க. பழைய நம்பர் 14, புதிய நம்பர் 31ன்னு போர்டு வச்சிருக்கற ஊருல கொரியர்காரருக்கு வீட்டோட கேட் கலரைக் காட்டறது எவ்வளவு பெரிய உபகாரம்னு உங்களுக்கே தெரியும்.

இனி வில்லங்கத்துக்கு வரேன்.

முகத்தையும் வண்டி நம்பரையும் மங்கலாக்கிடறோம்னு கம்பெனி சொல்லுது, உண்மைதான், 2008லருந்தே மெஷின் வச்சு அதைச் செய்யறாங்க. மெஷின் ரொம்ப ஆர்வக்கோளாறு வேற, 2016ல இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல ஆத்தோரமா நின்ன ஒரு பசு மாட்டு மூஞ்சியையே மங்கலாக்கி உலகமே சிரிச்சுது. ஆனா நம்ம ஊரு வீட்டு வாசல்ல ஆளை அடையாளம் காட்டறது முகம் மட்டுமா? கேட்டுல பேர்ப்பலகை இருக்கும், அதுல பேரு, படிப்பு, என்ன வேலை, எந்த வருஷம் ஓய்வு வரைக்கும் இருக்கும். பக்கத்துலயே கயித்துல "வீடு வாடகைக்கு, 2 பெட்ரூம், சைவம் மட்டும்"னு அட்டையும் கீழே செல் நம்பரும் தொங்கும். எதிர் சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர், யாரு போனாங்க, மிச்சம் இருக்கறது யாரு யாருன்னு வரிசையா. மாட்டுக்கு மரியாதை குடுத்த மெஷின் இதுல எதையுமே கண்டுக்கறதில்ல. எங்க தெருவுல ஒரு வீட்டு டு-லெட் போர்டு நம்பரை ஜூம் பண்ணா ஒரு இலக்கம் விடாம படிக்கலாம், அந்த வீட்டுக்கு ஆள் குடி வந்து எவ்வளவோ நாளாச்சு, அட்டையும் மழையில ஊறிக் கிழிஞ்சு போச்சு, நெட்ல மட்டும் அப்படியே பளிச்சுன்னு தொங்கிட்டு இருக்கு. அந்த வீட்டம்மா தனியா இருக்கறவங்க.

தெருவுல நடந்து போறவன் பாக்கறதைத்தானே கேமராவும் பாக்குதுன்னு ஒரு வாதம் வரும், வழக்கமா வர்றதுதான். தெருவுல நடந்து போறவன் ஒரு தடவை பாப்பான், நின்னு முறைச்சா "யாருப்பா நீ, யாரு வேணும்"னு எதிர் வீட்டு மாமா கேப்பாரு. நெட்ல நின்னு பாக்கறவனை யாரு கேக்கறது? பொண்ணு ஜாதகம் கைக்கு வந்தவுடனே வீட்டு அட்ரஸைப் போட்டு ஓட்டு வீடா மாடி வீடா, வாசல்ல கார் நிக்குதான்னு பாத்துட்டுத்தான் பல பேரு பொருத்தமே பாக்கறாங்க. கடன் வசூல் பண்றவன், எந்தச் சுவரு குட்டை எந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லன்னு பாக்கறவன், விட்டுட்டுப் போன பொண்டாட்டி எங்க இருக்கான்னு தேடறவன், எல்லாருக்கும் ஒரே கிளிக்.

இன்னொண்ணு, கேமரா நடந்து போறவன் கண்ணு உயரத்துல இல்ல. வண்டி மேல கம்பு நட்டு அதுக்கு மேல உக்காந்திருக்கு. நம்ம காம்பவுண்டு சுவரு அஞ்சு அடி இருந்தா பெருசு, அந்தச் சுவரை நம்பித்தான் பக்கவாட்டு சந்துல பாத்திரம் தேய்க்கறோம், தலை துவட்டறோம், கொடியில உள் துணியைக் காயப் போடறோம். ஜப்பான்ல இதே பிரச்சனை வந்துச்சு, வேலிக்கு மேல எட்டிப் பாக்குதுன்னு ஜனங்க சத்தம் போட்டாங்க, 2009ல கூகுள் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி மறுபடி படம் எடுத்துச்சு. அதாவது இறக்க முடியும், கேக்கறதுக்கு ஆள் இருந்தா. இங்க எந்த உயரத்துல வைக்கணும்னு யாரும் கேட்ட மாதிரி தெரியல.

உங்க மேல எனக்கு இருக்கற வருத்தமே இங்கதான். 2011ல கூகுள் வண்டி பெங்களூருல ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே போலீஸ் நிறுத்துச்சு. 2016ல மறுபடி அனுமதி கேட்டாங்க, பாதுகாப்பு காரணம் சொல்லி மத்திய அரசு முடியாதுன்னுடுச்சு. அப்புறம் 2021 வழிகாட்டுதல்ல தெருப் படம் எடுக்கற வேலையை இந்திய நிறுவனங்கள்தான் செய்யணும்னு வச்சீங்க, அதன்படி ஜெனிசிஸும் டெக் மஹிந்திராவும் படம் எடுத்துக் குடுக்க, 2022 ஜூலையில சென்னை உட்பட 10 நகரத்துல 1.5 லட்சம் கிலோமீட்டர் ரோட்டோட ஸ்ட்ரீட் வியூ வந்துச்சு. நாட்டோட பாதுகாப்புன்னா பதினோரு வருஷம் நிதானமா யோசிச்சீங்க, தப்பே இல்ல, யோசிக்க வேண்டியதுதான். ஆனா அந்தப் பதினோரு வருஷத்துக்கு நடுவுல, 2017 ஆகஸ்ட்ல, புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட ஒம்பது நீதிபதிகள் ஒரே குரல்ல தனியுரிமை அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்களே சார். யாரு படம் எடுக்கலாம்ங்கறதுல காட்டின அக்கறைல பாதியாவது யாரு வீட்டைப் படம் எடுக்கறாங்கங்கறதுல காட்டியிருக்கலாம்.

வேணாம்னா வீட்டை மங்கலாக்கச் சொல்லலாமே, அதுக்கு வசதி இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு. படத்து மூலையில பொடி எழுத்துல இருக்கற லிங்க்கை முதல்ல கண்டுபுடிக்கணும், அப்புறம் படத்தை நகத்தி நகத்திச் சிவப்புக் கட்டத்துக்குள்ள நம்ம வீட்டைக் கொண்டு வரணும், இமெயில் ஐடி குடுக்கணும், காரணம் எழுதணும். ஐடியில வேலை பாக்கறவனுக்கு ரெண்டு நிமிஷ வேலை. அந்த டு-லெட் வீட்டம்மாகிட்ட இமெயில் ஐடின்னு கேட்டா ஆதார் நம்பரை எடுத்துக் குடுப்பாங்க, அவங்க வீடு நெட்ல இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை மங்கலாக்கினா திரும்ப எடுக்கவும் முடியாது, கம்பெனியே அப்படித்தான் சொல்லுது. 24 ஃபிளாட் இருக்கற அபார்ட்மென்ட்ல ஒருத்தர் கேட்டா மொத்த பில்டிங்கும் பனி மூட்டத்துல போயிடுமா, வாடகைக்கு இருக்கறவர் கேட்டா ஓனருக்கும் சேத்து மறையுமா, நாளைக்கு வீட்டை வாங்கறவருக்கு என்ன வழி, இதையெல்லாம் கம்பெனி ஃபாரம் முடிவு பண்ணக் கூடாது, நீங்க முடிவு பண்ணணும்.

ஜெர்மனியில 2010ல இதைத் தலைகீழா செஞ்சாங்க. படம் நெட்ல ஏறறதுக்கு முன்னாடியே ஜனங்களுக்குச் சொல்லி, வேணாங்கறவங்க எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. 20 நகரத்துல சுமார் 2,44,000 வீட்டுக்காரங்க வேணாம்னாங்க, மொத்தத்துல கிட்டத்தட்ட 3 சதவீதம். நூத்துக்கு 97 பேரு சும்மா இருந்துட்டாங்க, அந்த 20 நகரத்துப் படமும் நெட்ல வந்துச்சு. முன்கூட்டி கேட்டா தொழில் படுத்துடும்னு பயமுறுத்தறவங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க.

அதே 2010ல இன்னொண்ணும் வெளிய வந்துச்சு, அந்த வண்டிங்க படம் மட்டும் எடுக்கல, போற வழியில பாஸ்வேர்டு போடாத வைஃபைல ஓடின டேட்டாவையும் சேத்து வாரிட்டு வந்திருக்குன்னு கூகுளே ஒத்துக்கிச்சு. அமெரிக்காவுல 38 மாநிலங்களோட 2013ல 70 லட்சம் டாலர் குடுத்து சமரசம் ஆச்சு. அவங்க வருமானத்துக்கு அது டீ செலவு, அதை விடுங்க. நம்ம ஊருல ஓடற வண்டிக்குள்ள கேமரா தவிர வேற என்ன இருக்குன்னு யாராவது கதவைத் திறந்து பாக்கறாங்களா? கூகுள் மட்டும்னு இல்ல, இப்ப உள்ளூர் மேப் கம்பெனிகளும் இதே மாதிரி படம் எடுக்கறாங்க, எல்லாருக்கும்தான் கேக்கறேன்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துடுச்சு, விதிகளும் 2025 நவம்பர்ல வந்துடுச்சு. ஆனா வீட்டு வாசல் படம் ஒருத்தரோட தனிநபர் தரவா, பேர்ப்பலகையோட சேந்தா மட்டும் தரவா, அதுல வர்ற கொடித் துணி யாரோட தரவுன்னு ஒரு சாதாரண ஆளு படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி எங்கயும் இல்ல. உங்க வழிகாட்டுதல்ல அதை எழுதறதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வண்டி வர்றதுக்கு முன்னாடி எந்த வார்டுல எந்த வாரம்னு அந்த ஊரு மொழியில, ரேஷன் கடையிலயும் வார்டு ஆபீஸ்லயும் ஒட்டச் சொல்லுங்க, கம்பெனி வெப்சைட்ல மட்டும் போட்டா அது போடாததுக்குச் சமம். கேமரா உயரத்துக்கு ஒரு வரம்பு வைங்க. முகத்தையும் வண்டி நம்பரையும் கண்டுபுடிக்கற மெஷினுக்குப் பத்து இலக்க செல் நம்பரைக் கண்டுபுடிக்கறது பெரிய வித்தை இல்ல, அதையும் மறைக்கச் சொல்லுங்க. பெண்கள் காப்பகம், குழந்தைங்க இல்லம் இருக்கற இடத்தை யாரும் வந்து கேக்காமலே மறைக்கணும், சுவிட்சர்லாந்துல அந்த மாதிரி இடங்களுக்குக் கோர்ட்டே தனியா கட்டுப்பாடு போட்டிருக்கு. வீட்டை மறைக்கணும்னா ஒரு போன் நம்பர் வேணும், தமிழ்ல பேசினா எடுக்கணும், மறைச்சதைத் திரும்பக் கேட்டா திறக்கவும் ஒரு வழி வேணும். பழைய வருஷத்துப் படத்துக்கும் இது பொருந்தணும். ஆனா ரோடும் கால்வாயும் தெரியற பழைய படங்களை அழிச்சுடாதீங்க, அது எங்களுக்குச் சாட்சி, வீட்டை மட்டும் மறைச்சாப் போதும்.

அடுத்த ரவுண்டு வண்டி எப்போன்னு தெரிஞ்சா அதையாவது சொல்லுங்க, கொடியில இருக்கறதையும் கேட்டுல தொங்கறதையும் எடுத்து உள்ள வச்சுக்கறோம்.

இப்படிக்கு,
தென்சென்னையில ரோட்டை விட ஒரு படி கீழ குடியிருக்கற ஒருத்தன்