கால்வாய்க் கட்டுரைக்கு கைகொடுத்தவிய எல்லாருக்கும்

எங்க திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணில இருந்து பிரியுத கன்னடியன் கால்வாய் பத்தி நான் எழுதிக்கிட்டு கெடந்த நீளக் கட்டுரை ஒருவழியா முடிஞ்சு சின்ன புஸ்தகமா அச்சுக்குப் போயிருச்சு. அதுல நன்றி சொல்ல ஒரே ஒரு பக்கம்தான் தந்தாவ, வெறும் பேரப் போட்டுட்டு போயிர முடியுமா, யார் என்ன செஞ்சாவன்னு சொல்லணும்லா, அதுக்குத்தான் இந்த மடல். பாதிப் பேர் "எம்பேரப் போடாத"ன்னு சொல்லிட்டதால ஊரும் உறவுமுறையும் வச்சுதான் சொல்லுதேன், அவியவியளுக்குத் தெரியும்.

மொதல்ல வீரவநல்லூர் அண்ணாச்சி. நீர்ப்பாய்ச்சியா இருந்த மனுசன், மடை தெறக்கதும் அடைக்கதும்தான் ஆயுசு பூரா வேலை. என் மொத டிராஃப்ட் வருஷ வாரியா இருந்துச்சு, பாண்டியன், நாயக்கன், வெள்ளைக்காரன், கடைசில 143 அடி பாபநாசம் அணைன்னு. வரப்புல உக்காந்து வாசிச்சுக் காட்டினேன். ஒரு வார்த்த பேசாம பூராத்தையும் கேட்டுட்டு, "எல்லாஞ் சரிதாம்டே, தண்ணி இப்ப எங்கன நிக்கி?"ன்னார். எனக்கு ஒண்ணும் வெளங்கல. "நீ இம்புட்டு நேரம் வாசிச்ச, தண்ணி இன்னும் அணைக்கட்டவே தாண்டலயே, கால்வாய்ல எறங்கி மடைக்கு வந்து குளம் பெருகி மறுகால் விழுந்து அடுத்த குளத்துக்குல்லா போணும்"னுட்டு துண்ட ஒதறி எந்திரிச்சிட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு ஆயுசுக்கும் கடமப்பட்டிருக்கேன். மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு தண்ணி போற வழிக்கே அடுக்கினேன், கல்லிடைக்குறிச்சி பக்கம் ஆத்துல இருந்து பிரியுதுல்லா, அங்க ஆரம்பிச்சு வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடைன்னு வாசிக்கவனும் கூடவே நடந்து வருவான், எந்த ஊர்ல எந்தக் கதை கெடக்கோ அது அந்த ஊர் வரும்போது வந்தா போதும். ஊர்ல சொல்லுத பசுக் கதையே அப்பிடித்தானய்யா இருக்கு? கன்னட தேசத்து பிரம்மச்சாரி அகத்தியர் சொன்னபடி பசு பின்னாலயே போனாராம், அது நடந்த வழில கால்வாய் வெட்டுனாராம், படுத்த எடத்துல குளம் வெட்டுனாராம். கதை சொன்னவன் வருஷத்தப் பத்திக் கவலையே படல பாருங்க. இப்பல்லாம் எத எழுத உக்காந்தாலும் ஒரு பக்கம் முடிஞ்சதும் தண்ணி எங்கன நிக்கின்னு என்னையே கேட்டுக்கிடுதேன், நிக்கிற எடம் தெரியலன்னா அடுத்த பக்கத்துக்குப் போறதில்ல.

அடுத்து பாளையங்கோட்டை டீச்சரம்மா. ரிட்டயர்டு ஆனாலும் பென்சில கீழ வைக்கல. அவங்க வாசிக்க மாட்டாங்க, என்னைய சத்தமா வாசிக்கச் சொல்லிட்டு இன்னொரு காப்பிய மடில வச்சுக்கிட்டு எனக்கு மூச்சு வாங்குத எடத்துல எல்லாம் சின்னதா ஒரு கோடு போடுவாங்க. நீளமா எழுதுனா தப்புன்னு அவங்க சொல்லவே இல்ல, கார் சாகுபடிக்கு ஜூன்ல தண்ணி தெறக்கதப் பத்தி ஒரு வாக்கியம் முக்கால் பக்கம் ஓடுது, அதுல ஒரு கோடு இல்ல, "இது ஓடுது, விடு"ன்னாங்க. அதே சமயம் ஆறே வார்த்தை உள்ள ஒரு வரில ரெண்டு கோடு. அப்புறம் "வற்றாத ஜீவநதி". தாமிரபரணியப் பத்தி எவன் எழுதுனாலும் அது வந்துருது, எனக்கும் நாலு எடத்துல வந்திருந்துச்சு. டீச்சர் நாலையும் அடிச்சிட்டு "நீ பாத்த ஆத்த எழுது"ன்னு ஓரத்துல எழுதித் தந்தாங்க. அந்தப் பேப்பர மட்டும் பத்திரமா வச்சிருக்கேன்.

கொக்கிரகுளம் மைனிக்கு (அண்ணியத்தான் அப்பிடிச் சொல்லுவோம்) தனியா சொல்லணும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த எழுதும்போது காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைங்கற கணக்கத்தான் மொதல்ல வைக்க நெனச்சேன். மைனி கேட்டுட்டு, "95ன்னா எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும், எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மெதந்து வந்து அடுக்களை வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டு, அத்தான் அதத் தள்ள முடியாம மேல ஏறித் தாண்டி வந்தாவ, அதச் சொல்லு"ன்னாவ. ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அப்பிடியே டைப் பண்ணேன், ஒரு எழுத்து மாத்தல. கணக்கும் இருக்கு, ஆனா ஃப்ரிட்ஜுக்குப் பொறவுதான் வருது.

இந்த ரெக்கார்டு பண்ணுத யோசனையே சித்தி மவன் குடுத்ததுதான். பேனாவ எடுத்தா நான் மேடைல பேசுதவன் மாதிரி ஆயிருதேன், யார்ட்டயாவது வாய்ல சொல்லும்போது ஒழுங்கா சொல்லுதேன்னு கண்டுபிடிச்சவன் அவன்தான். இப்ப மொத டிராஃப்ட் வாய்லதான், டைப் அடிக்கது ரெண்டாவது வேலை.

ஜில்லா மைய நூலகத்துல 1917ல வந்த திருநெல்வேலி ஜில்லா கெஜட்டியர எடுத்துத் தந்து மூடுத நேரம் தாண்டியும் மூஞ்சி சுளிக்காம இருந்தவியளுக்கு, பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட்டுல கெடந்த பழைய குறிப்ப எல்லாம் யூனிகோடுக்கு மாத்திக் குடுத்துட்டு டீக்காசு மட்டும் வாங்கிக்கிட்ட டிடிபி கடைத் தம்பிக்கு, ராத்திரி வாசிக்கும்போது டிவி சத்தத்தக் கொறச்சு வச்ச எங்க வீட்டாளுக்கு (எப்பவும் இல்ல, சீரியல் முடிஞ்சப்புறம்), ரொம்ப நன்றி.

அடுத்தது மருதூர் அணைக்கட்டுல பிரியுத மேலக்கால், கீழக்கால்னு ரெண்டு கால்வாய் பத்தி எழுதலாம்னு இருக்கேன். அண்ணாச்சிட்ட கேட்டா "அந்தப் பக்கத்து மடை எனக்குத் தெரியாதுடே, அங்க உள்ளவன்ட்ட கேளு"ன்னுட்டார். அந்தப் பக்கம் பழைய நீர்ப்பாய்ச்சி யாராவது இருந்தா சொல்லுங்க, பிசான சாகுபடிக்குத் தண்ணி தெறக்கதுக்கு முன்னால ஒரு எட்டு வந்து பாத்துட்டு வந்துருதேன்.