கைநாட்டு வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவுக்காக மாதந்தோறும் கிளினிக் செல்லும் என் அம்மாவிடம், புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேரச் சொல்லி ஆறு பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். தமிழில்தான் இருந்தது. ஆனால், ‘எழுமாற்றுத் தெரிவு’ என்றால் மலையில் கொழுந்து பறிப்பவருக்கு என்ன விளங்கும்? சீட்டுக் குலுக்குவது போலத்தான் அம்மா, உங்களுக்குப் புது மருந்தும் கிடைக்கலாம், மருந்தே இல்லாத மாத்திரையும் கிடைக்கலாம் என்று நான் சொன்னபிறகே நிமிர்ந்து பார்த்தார். “டொக்டர் ஐயா கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?” என்றார். கொழுந்துக் கறை ஏறிய பெருவிரல் கைநாட்டுக்குத் தயாராகவே இருந்தது.

இந்தத் தயக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. தோட்டத் துரைமாருக்கு மறுத்துப் பேசிப் பழகாத தலைமுறை அது. வைத்தியரை அண்டியிருக்கும் நோயாளியிடம், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவரே சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையாக 1964இல் உலக வைத்திய சங்கம் ஏற்ற ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் இன்றைய வடிவம். மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வு நடத்துவோரே, இதை எங்கள் லயத்துப் பேச்சில், வாயால் சொல்ல ஒருவரை நியமியுங்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வாரமாவது கொடுங்கள்.

ஆய்வுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று அம்மா விழுங்கும் மாத்திரையும் யாரோ துணிந்து சேர்ந்ததால் வந்ததுதான். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பது, கிளினிக் போகும் நாளின் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், யார் தருவது என்று அடுத்த முறை தானே கேட்கப்போகிறாராம்.

வாசகி,
தலவாக்கலை