வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: சிறார் எழுத்தாளர் உறைவிடத் திட்டம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கிழிந்த நூல்களைத் தைத்து ஒட்டும் பணி தொடர்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, நூலகத்தோடு சேர்ந்து இந்த ஆண்டு நாம் தொடங்கிய சிறார் எழுத்தாளர் உறைவிடத் திட்டத்துக்கே ஒதுக்குகிறேன். சிறுவர்களுக்கு எழுதும் ஒருவருக்கு நூலகத்திலேயே எழுத இடமும் நேரமும் உதவித்தொகையும் தருவதே இத்திட்டம்.

இப்படி ஒரு திட்டம் எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்சமிருக்கும் நேரத்தில் எழுதுகிறவர்கள். அழ. வள்ளியப்பா வங்கியில் பணியாற்றிக்கொண்டேதான் தம் பாடல்களை எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகவும் அவரே முன்னின்றார். அந்தத் தலைமுறையில் புதிதாக எழுத வந்தவருக்குச் சிறார் இதழ்கள் துணையாக இருந்தன. அனுப்பிய கதையை ஆசிரியர் படிப்பார், திருத்துவார், மறுபடி எழுதச் சொல்வார். இன்று அப்படிப்பட்ட இதழ்கள் குறைந்துவிட்டன. முதல் கதைக்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவே புதியவருக்கு யாரும் துணையில்லை. அந்த இடைவெளியில் நூலகம் நிற்க முடியும் என்பதே நம் எண்ணம்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பொது நூலகத்தில், அந்நூலகத்தின் ஆதரவாளர் சங்கம் வளரும் சிறார் எழுத்தாளர் ஒருவருக்கு உதவித்தொகையும் நூலகத்திலேயே எழுதுவதற்கு அறையும் கொடுத்து, ஒரு படைப்பை முடிக்கத் துணை நிற்கிறது. கனடாவின் பல பொது நூலகங்கள் எழுத்தாளரின் நேரத்தில் 60 விழுக்காட்டைச் சொந்த எழுத்துக்கும் 40 விழுக்காட்டை வாசகர்களுக்கும் என்று பிரித்துக்கொள்கின்றன. நாம் அந்தப் பிரிப்பையே எடுத்துக்கொண்டோம். எழுத்துக்கான பங்கு ஒருபோதும் குறையக் கூடாது என்று ஒப்பந்தத்திலும் எழுதிவைத்தோம்.

‘வளரும் எழுத்தாளர்’ என்பதற்கு வயது வரம்பு வைக்கவில்லை. சிறார் நூல் ஒன்றுக்கு மேல் வெளியிடாதவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்றோம். பிரதிகளைப் பெயர் நீக்கியே தேர்வுக்குழுவுக்குக் கொடுத்தோம். தேர்வானவர் வீட்டில் சிறு குழந்தைகள் உள்ள ஒரு தாய். அதனால் எழுதும் நேரத்தை அவர் வசதிப்படி மாற்றினோம். நேரம் தருவதாகச் சொல்லிவிட்டு, அவரால் வர முடியாத நேரத்தைத் தருவதில் பயனில்லை.

அவருக்கு நாம் கொடுத்தது சிறுவர் பிரிவின் ஓரத்தில் ஒரு மேசை, பூட்டு உள்ள ஒரு அலமாரி, மாதாந்திர உதவித்தொகை. நூலகர் கொடுத்தது இதைவிடப் பெரியது என்பேன். எந்தப் புத்தகத்தின் தையல் அடிக்கடி பிரிகிறது, எது வாங்கிய நாள் முதல் புதிதாகவே இருக்கிறது, அக்கா படித்துவிட்டுத் தம்பிக்கு எடுத்துப் போவது எது என்றெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. எழுதி முடிக்காத நூலுக்கும் வாசகரைத் தேடித்தர நூலகரால் முடியும் என்பதை இந்த ஆண்டு கண்ணால் பார்த்தோம்.

இத்திட்டத்தின் உயிர், சத்தமாகப் படித்துக் காட்டும் அமர்வுகள். முடிந்த கதையை அங்கே படிக்கவில்லை. பாதியில் நிற்கும் பிரதியையே படித்தார் எழுத்தாளர். பிள்ளைகள் ‘நல்லா இல்லை’ என்று சொல்வதில்லை. பையின் வாரை முறுக்குவார்கள், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவார்கள். அந்த இடங்களில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். காணாமற்போன பூனைக்குட்டியைப் பற்றிய கதையில், தேடிப் போகும் வழியின் வருணனை நீண்டது. அத்தனை வாக்கியங்களையும் தாண்டி ஒரு சிறுமி கேட்டாள்: “பூனை சாப்பிட்டுச்சா?” அடுத்த வாரம் வருணனை ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது, பூனைக்குட்டி எங்கே இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது என்று ஒரு பக்கம் புதிதாக வந்திருந்தது. ஐந்து, ஆறு வயதினர் திரும்பத் திரும்ப வரும் வரியைக் கூடவே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்பது, பத்து வயதினரோ ‘கதவு பூட்டியிருந்துச்சே, எப்படி வெளிய போச்சு?’ என்று மடக்குகிறார்கள். ஒரே பிரதியை இந்த இரு வயதினருக்கும் எழுத முடியாது என்ற தெளிவு எழுத்தாளருக்கு அங்கேதான் பிறந்தது.

அச்சுத்தொழில் அறிந்த நம் உறுப்பினர் ஒருவர் நடத்திய பயிற்சியும் பயன்பட்டது. படக்கதை நூல் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16 என்ற கணக்கில் வருவதே காரணம். தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு மிஞ்சுவது சுமார் 14 விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் பக்க இணைகள். வெற்றுத்தாள்களை மடித்துத் தைத்து, மாதிரிப் புத்தகம் செய்து, எந்த வரி எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று எழுத்தாளர் எழுதிப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டும் இடத்தில் என்ன நடக்கப்போகிறது என்ற ஆவல் நிற்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது. படம் சொல்வதை எழுத்தும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை என்று பாதி வாக்கியங்களை அவரே எடுத்துவிட்டார்.

செயற்குழுவில் கருத்து வேறுபாடுகள் எழாமல் இல்லை. வாரந்தோறும் கதை நேரம் நடத்தட்டும், விழாக்களில் பேசட்டும், போட்டிகளுக்கு நடுவராக இருக்கட்டும் என்ற கோரிக்கைகள் வந்தன. அன்பால் வந்தவை அவை. ஆனால் ஒவ்வொன்றும் எழுத்து நேரத்தைத் தின்பவை. அவற்றை ஏற்காததில் எனக்கு ஐயமில்லை. கதை முடிவில் நீதி வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வலியுறுத்தினார்கள். படைப்பில் தலையிடுவதில்லை என்ற விதியின்படி அந்தக் கருத்தை எழுத்தாளரிடம் தெரிவித்தோம். முடிவை அவரிடமே விட்டோம்.

பிரதியின் பதிப்புரிமை முழுவதும் எழுத்தாளருக்கே. நூல் வெளிவரும்போது நன்றிப் பக்கத்தில் ஒரு வரி தவிர நாம் எதையும் கேட்கவில்லை. அமர்வுகள் எல்லாம் திறந்த கூடத்தில், நூலகப் பணியாளர் உடனிருக்க நடந்தன. பெற்றோர் எழுத்தில் இசைவு தராத பிள்ளைகளின் படத்தை எடுக்கவில்லை. இவ்விரண்டையும் நிரந்தர விதிகளாக்க வேண்டும்.

பூனைக்குட்டிக் கதையின் பிரதி முழுமை பெற்றுவிட்டது. பதிப்பகங்களுக்கு அனுப்பும் கடிதத்தை எழுத்தாளர் தயாரித்து வருகிறார். அதே வேளையில், பெரிய பிள்ளைகளுக்கான நெடுங்கதை ஒன்று பாதியில் நிற்கிறது. உறைவிடக் காலம் முடிந்தாலும் மேசையை அவர் பயன்படுத்திக்கொள்ள நூலகர் இசைந்திருக்கிறார்.

வரும் ஆண்டில் காலத்தைப் பாதியாக்கி இருவருக்கு வாய்ப்பளிக்கலாம் என்ற யோசனை வந்துள்ளது. நான் அதை ஆதரிக்கவில்லை. எழுத்தாளரோடு பிள்ளைகள் பழகி, கூச்சம் விட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கவே பல வாரங்கள் ஆயின. காலத்தைக் குறைத்தால் அந்தக் கேள்விகள் வரும் முன்பே அவர் கிளம்ப வேண்டியிருக்கும். ஒருவரையே முழு ஆண்டுக்கும் தேர்ந்தெடுப்பது, உதவித்தொகைக்குத் தனிக் கணக்கு தொடங்குவது, ஓவியர் ஒருவரையும் சில வாரங்கள் உடன் அமர்த்துவது என்ற மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன்.

நூலகருக்கும், பணியாளர்களுக்கும், தேர்வுக்குழுவினருக்கும், பிள்ளைகளை அழைத்துவந்த பெற்றோருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்